உரிமம் இல்லாத தொழிலுக்கு ஒரு சங்கம்

வழக்கறிஞராக வேண்டுமானால் சட்டம் படித்து, மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்தியத் தேர்வையும் எழுதியாக வேண்டும். பட்டயக் கணக்கர் ஒரு தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நிறுவனத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். மருந்துக் கடைக்குக்கூடப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் ஒருவர் தேவை. 'மக்கள் தொடர்பு ஆலோசகர்' ஆவதற்கு வேண்டியதெல்லாம் நூறு விசிட்டிங் கார்டு. காலையில் அச்சகத்தில் கொடுத்தால் மாலையில் கைக்கு வந்துவிடும். மறுநாளே ஒரு நிறுவனத்தின் நற்பெயரை, சில சமயம் ஓர் அரசாங்கத்தின் நற்பெயரையே, பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். தடுக்க ஆளில்லை, தடுக்கச் சட்டமும் இல்லை.

அப்படியிருந்தும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளாகச் சங்கம் வைத்து நடத்திவருகிறார்கள். சேராவிட்டால் யாரும் தொழிலை நிறுத்தச் சொல்லப் போவதில்லை. சேர்ந்துவிட்டால் புதிதாக ஓர் உரிமையும் கிடைத்துவிடாது. பிறகு எதற்குச் சந்தா? எதற்கு மாதம் ஒரு மாலையைக் கூட்டத்துக்குக் கொடுப்பது? மக்கள் தொடர்புத் துறையில் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் இந்தக் கேள்விக்கு அந்தச் சங்கங்களின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. விடை அவ்வளவு இனிப்பானதில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம்.

பலகையும் தீர்ப்பும்

தமிழில் 'தொழிற்சங்கம்' என்றதும் கூலி உயர்வு, போனஸ், கொடி, வாயிற்கூட்டம் எல்லாம் நினைவுக்கு வரும். முதலாளியிடம் பேரம் பேசத் தொழிலாளர் கூடும் இடம் அது. இங்கே பேசுவது வேறு வகை. ஒரே தொழில் செய்பவர்கள் தங்கள் தொழிலின் தரத்தைத் தாங்களே காத்துக்கொள்ளக் கூடுவது. தொழில்முறைச் சங்கம் என்று சொல்லலாம். இதற்கு நம்மிடம் ஒரு பழைய கதையே உண்டு. மதுரைச் சங்கப் பலகை தகுதியுள்ளவருக்கு மட்டும் இடம் கொடுத்து நீளும். அதில் உட்கார்ந்தவர்கள், பாட்டைக் கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் குற்றம் கண்டால் குற்றம் என்பார்கள். இடம் கொடுப்பது ஒரு வேலை, தீர்ப்புச் சொல்வது இன்னொரு வேலை. மக்கள் தொடர்புச் சங்கங்கள் முதல் வேலையில் எப்போதும் சுறுசுறுப்பாகவும் இரண்டாவதில் எப்போதும் தயக்கத்தோடும் இருந்துவந்திருக்கின்றன.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஹரால்டு வில்லென்ஸ்கி, ஒரு வேலை எப்படித் தொழில்முறையாக வளர்கிறது என்று 1964இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். முதலில் அதை முழுநேரமாகச் செய்பவர்கள் தோன்றுகிறார்கள். பின் பயிற்சிப் பள்ளி, பின் சங்கம், அதன்பின் உரிமம் வழங்கும் சட்டம், கடைசியில் முறையான ஒழுக்க விதிகள். மருத்துவமும் சட்டமும் ஏறத்தாழ இந்தப் படிகளில் ஏறி வந்தவை. மக்கள் தொடர்புத் துறை பெரும்பாலான நாடுகளில் நான்காம் படியைத் தொடாமலே ஐந்தாம் படிக்குத் தாவியது. விதி இருக்கிறது, விதியை மீறியவரைத் தொழிலிலிருந்து நீக்கும் அதிகாரம் இல்லை. இந்தத் துறையின் சங்கங்கள் செய்ததையும் செய்ய முடியாமல் போனதையும் இந்த ஒரு குறையிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

தனி ஒருவரின் பிரகடனம்

சங்கம் இல்லாத காலத்தில் இந்தத் தொழில் எப்படி இருந்தது என்பதற்கு ஐவி லீயின் வாழ்க்கை ஒரு சாட்சி. பத்திரிகையாளராக இருந்து இந்தத் துறைக்கு வந்தவர். 1906இல், அமெரிக்க நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காக வேலை செய்தபோது, பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு கொள்கை அறிக்கை அனுப்பினார். எங்கள் வேலை ஒளிவுமறைவு இல்லாதது, நாங்கள் தருவது செய்தியே தவிர விளம்பரம் இல்லை, தகவல் சரியாக இருக்கும், சந்தேகம் இருந்தால் சரிபார்க்க உதவுவோம் என்பது அதன் சாரம். இன்றைக்கும் மக்கள் தொடர்புப் பாடப்புத்தகங்கள் அந்த அறிக்கையிலிருந்துதான் தொடங்குகின்றன.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1914இல், கொலராடோ மாநிலம் லட்லோவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களும் அவர்களின் மனைவி மக்களும் தங்கியிருந்த கூடார முகாம் தாக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். சுரங்க நிறுவனத்தின் பெரும்பங்கை வைத்திருந்த ராக்ஃபெல்லர் குடும்பத்துக்காகப் பேச வந்தவர் அதே லீ. அவர் வெளியிட்ட அறிக்கைகளில் தவறான தகவல்கள் இருந்தது பின்னர் அம்பலமானது. அவர் பெயரை வைத்தே எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேர் அவருக்கு ஒரு நச்சுச்செடியின் பெயரைச் சூட்டினார். 1934இல், தம் கடைசி ஆண்டில், நாஜி ஜெர்மனியின் பெரும் இரசாயன நிறுவனமான ஐ.ஜி. ஃபார்பெனுக்கு ஆலோசனை சொன்னதற்காக அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பதில் சொல்ல வேண்டிவந்தது.

லீ கெட்ட மனிதரா என்பது இங்கே கேள்வி இல்லை. தம் கொள்கையைத் தாமே எழுதி, தாமே அறிவித்து, மீறியபோது கேட்க ஆளில்லாமல் இருந்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. தனக்குத்தானே விதி எழுதிக்கொள்பவர் தனக்குத்தானே விலக்கும் கொடுத்துக்கொள்ளலாம். கூடி உட்கார்ந்து எழுதிய விதிக்கு மட்டுமே சாட்சி உண்டு.

472 விளக்கங்கள்

அப்படிக் கூடி உட்காரும் முயற்சிகள் 1930களில் வலுப்பெற்றன. நியூயார்க் பக்கம் 1936இல் ஒரு குழு தொடங்கியது. மேற்குக் கரையில், ஸ்டான்ஃபோர்டில் பாடம் நடத்திய ரெக்ஸ் ஹார்லோ 1939இல் இன்னொரு குழுவைத் தொடங்கினார். இரண்டும் 1947இல் இணைந்து அமெரிக்க மக்கள் தொடர்புக் கழகம் உருவானது. மறு ஆண்டே பிரிட்டனில் ஒரு கழகம். அங்கே முன்கை எடுத்தவர்களில் பலர் உள்ளாட்சி, அரசுத் தகவல் துறை அலுவலர்கள். முதல் தலைவர் சர் ஸ்டீபன் டாலண்ட்ஸ். 1955இல் லண்டனில் பன்னாட்டு மக்கள் தொடர்புச் சங்கம் பிறந்தது.

இவர்களுக்கு முன்னால் நின்ற முதல் சிக்கல் சற்று வேடிக்கையானது. தாங்கள் செய்வது என்ன வேலை என்று அவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஹார்லோ 1976இல் மக்கள் தொடர்பு என்பதற்கான விளக்கங்களைத் திரட்டியபோது எண்ணிக்கை 472 வந்தது. எது வைத்தியம் என்று முடிவாகாமல் எவர் போலி வைத்தியர் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒழுக்க விதி எழுதுவதற்கு முன்பே, தொழிலின் எல்லையை வரைய வேண்டியிருந்தது. சங்கங்களின் தொடக்ககாலக் கருத்தரங்குகளும் பத்திரிகைகளும் இந்த வேலைக்கே பெரிதும் செலவாயின. அந்த உழைப்பு வீண்போகவும் இல்லை. வணிகத் தகவலாளர்களின் பன்னாட்டுச் சங்கத்தின் அறக்கட்டளை 1985இல் 4,00,000 டாலர் கொடுத்து ஓர் ஆய்வைத் தொடங்கிவைத்தது. ஜேம்ஸ் க்ரூனிக் தலைமையில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்றிலும் முந்நூறுக்கு மேற்பட்ட அமைப்புகளில் நடந்த அந்த ஆய்வுதான், மக்கள் தொடர்பு ஒரு நிறுவனத்துக்கு எப்போது பயன்படுகிறது என்பதற்கு முதன்முதலாகப் பெரிய அளவில் சான்றுகள் திரட்டியது. தனி ஏஜென்சி எதுவும் அந்தப் பணத்தைப் போட்டிருக்காது. போட்டிருந்தால் முடிவை வெளியே விட்டிருக்காது.

உரிமம் வேண்டும் என்றவர், வேண்டாம் என்றவர்கள்

அரசே உரிமம் கொடுத்துவிட்டால் சிக்கல் தீருமல்லவா? இந்தத் துறையின் தந்தை என்று சொல்லப்படும் எட்வர்ட் பெர்னேஸ் அப்படித்தான் நினைத்தார். 1995இல் 103 வயதில் இறக்கும்வரை, மக்கள் தொடர்பாளர்களுக்குச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 1929இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களைச் சிகரெட்டோடு நடக்கவைத்து, அதைப் பெண் விடுதலையின் சின்னமாகப் பத்திரிகைகளில் வரவழைத்தவரும் இவரேதான். அவருடைய கோரிக்கையில் ஒரு முதியவரின் மனவருத்தமும் கலந்திருக்கலாம். கத்தியின் கூர்மை அதைத் தீட்டியவருக்குத்தானே தெரியும்.

சில நாடுகள் அந்த வழியில் போயும் பார்த்தன. பிரேசில் 1967இல் இதைச் சட்டப்படி ஒழுங்குபடுத்தி, பட்டப்படிப்பையும் பதிவையும் கட்டாயமாக்கியது. நைஜீரியாவில் 1963இல் தொடங்கிய சங்கத்துக்கு 1990இல் ஓர் அரசாணை சட்ட அதிகாரம் தந்தது. மற்ற நாடுகள் தயங்கியதற்கு வலுவான காரணம் உண்டு. மக்கள் தொடர்பாளர் செய்வது, கடைசியில், பேசுவது. ஒருவர் சார்பாக இன்னொருவர் பேச அரசு அனுமதிச் சீட்டுக் கொடுக்கும் என்றால், சீட்டைப் பிடுங்கவும் அரசால் முடியும். அணை வேண்டாம் என்னும் கிராமத்துக்காக அறிக்கை எழுதிக்கொடுப்பவரிடம் உரிமம் எங்கே என்று கேட்கும் நாள் வரலாம். பேச்சுரிமையை அரசியலமைப்பிலேயே வைத்திருக்கும் அமெரிக்காவும் இந்தியாவும் இந்தத் தொழிலை உரிமத்துக்கு வெளியே விட்டிருப்பதை வெறும் அலட்சியம் என்று ஒதுக்கிவிட முடியாது.

சங்கத்துக்கு அளவுமீறிய அதிகாரம் கொடுப்பதிலும் ஆபத்து இருக்கிறது. ஒரே தொழில்காரர்கள் கூடினால் பேச்சு கடைசியில் விலையைக் கூட்டும் சதியில் போய் முடியும் என்று ஆடம் ஸ்மித் 1776லேயே எச்சரித்திருந்தார். அமெரிக்கக் கழகத்தின் பழைய ஒழுக்க விதிகளில், இன்னொரு உறுப்பினரின் கிளையன்ட்டைத் தட்டிப்பறிக்கக் கூடாது, பலன் கிடைத்தால்தான் கட்டணம் என்று ஒப்பந்தம் போடக் கூடாது என்றெல்லாம் இருந்தன. கேட்க நாகரிகமாகத்தான் இருக்கிறது. போட்டியை முடக்கும் விதிகள் இவை என்று அந்நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் எதிர்ப்புத் தெரிவிக்க, 1977இல் அவற்றை நீக்க வேண்டியதாயிற்று. ஒழுக்கம் என்ற பெயரில் வேலி போட்டுக்கொள்வது எளிது. எந்த விதி பொதுமக்களுக்காக, எந்த விதி உள்ளே இருப்பவர்களின் வசதிக்காக என்று பிரித்துப் பார்க்கும் கண் உறுப்பினருக்கு வேண்டும்.

ஐந்தாண்டுத் தடை

விதியை அமல்படுத்துவதில் சங்கங்களின் பழைய கணக்கு பெருமைப்படும்படியாக இல்லை. 1986இல் அமெரிக்கக் கழகத்தின் தலைவராக இருந்த ஆந்தனி ஃப்ராங்கோ மீதே, ஒரு கிளையன்ட்டைப் பற்றிய உள்தகவலை வைத்துப் பங்கு வாங்க முயன்றதாகப் பங்குச் சந்தை ஆணையம் குற்றம் சாட்டியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே அவர் ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டார். தலைவர் பதவியிலிருந்து விலகினார்; பிறகு கழகத்தின் உறுப்பினர் நிலையிலிருந்தும் விலகினார். உறுப்பினரே இல்லாதவரை ஒழுக்கக் குழு எப்படி விசாரிக்கும்? கோப்பு மூடப்பட்டது. சாட்சிகளை வரவழைக்க அதிகாரம் இல்லை, விசாரித்தால் வழக்கு வரும் என்ற பயம், புகார் கொடுத்தவரே ஒத்துழைப்பதில்லை. இந்த அனுபவங்களுக்குப் பிறகு 2000இல் அந்தக் கழகம் தன் விதிகளைத் திருத்தி எழுதியபோது, தண்டனையை முன்னிறுத்துவதைக் கைவிட்டு, வழிகாட்டுவதை முன்னிறுத்தியது. நீதிமன்றமோ அரசு அமைப்போ தண்டித்தவரை மட்டும் நீக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டது.

அப்படியானால் சங்கத்தின் தீர்ப்பு வெறும் காகிதமா? 2017இல் லண்டனில் நடந்தது வேறு பதில் சொல்கிறது.

பெல் பாட்டிங்கர் சாதாரண ஏஜென்சி இல்லை. மார்கரெட் தாட்சரின் தேர்தல் விளம்பரங்களுக்குப் பின்னால் இருந்த டிம் பெல் உருவாக்கியது. அரசுகளும் பெருநிறுவனங்களும் அதன் கிளையன்ட்டுகள். 2016 தொடக்கத்தில், தென்னாப்பிரிக்காவில் அதிபர் ஜுமாவுக்கு நெருக்கமான குப்தா குடும்பத்தின் ஓக்பே நிறுவனம் அதை அமர்த்தியது. ரிடெய்னர் மாதம் 1,00,000 பவுண்டு. தொடர்ந்து வந்த பிரசாரத்தில், 'வெள்ளையரின் ஏகபோக மூலதனம்' என்னும் சொல்லாடல் மேடைகளிலும் சமூக ஊடகங்களிலும் பரவியது. குப்தாக்கள் மீது எழுந்த ஊழல் கேள்விகளிலிருந்து கவனத்தைத் திருப்ப, நிறவெறியின் காயம் இன்னும் ஆறாத ஒரு நாட்டில் இனப் பகையைக் கிளறினார்கள் என்று தென்னாப்பிரிக்கர்கள் கொதித்தார்கள்.

அப்போது அங்கே எதிர்க்கட்சியாக இருந்த ஜனநாயகக் கூட்டணி புகாரைக் கொண்டுபோன இடம் நீதிமன்றமோ காவல் நிலையமோ இல்லை. 1969இல் தொடங்கிய பிரிட்டிஷ் மக்கள் தொடர்பு நிறுவனங்களின் சங்கம். சக நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் குழுவாக உட்கார்ந்து விசாரித்தார்கள். தீர்ப்பு வந்தது, மேல்முறையீடு தள்ளுபடியானது. 2017 செப்டம்பர் 4 அன்று, பெல் பாட்டிங்கர் வெளியேற்றப்பட்டதாகவும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பச் சேர முடியாது என்றும் சங்கம் அறிவித்தது. தலைமைச் செயல் அதிகாரி அதற்கு முந்தைய நாளே விலகியிருந்தார். கிளையன்ட்டுகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். செப்டம்பர் 12இல் நிறுவனம் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. இடையில் எட்டே நாள்.

சங்கத்துக்கு ஒரு பவுண்டு அபராதம் விதிக்கும் அதிகாரம்கூடக் கிடையாது. நிறுவனத்தை வீழ்த்தியது சந்தைதான். பத்திரிகைகளும் தென்னாப்பிரிக்க மக்களும் அதற்கு முன்பே அதன் பெயரைக் கிழித்திருந்தார்கள். ஆனாலும், தொழில் தெரிந்தவர்களே இது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, 'இதெல்லாம் தொழிலில் சகஜம்' என்று சொல்லும் வாய்ப்பு அடைபட்டுப்போனது. நற்பெயரை விற்றுப் பிழைக்கும் நிறுவனத்துக்கு அதைவிடப் பெரிய அடி இல்லை.

இந்தக் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. பெல் பாட்டிங்கர் அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் புகாரை எடுத்துக்கொள்ளவே முடிந்திருக்காது. ஃப்ராங்கோ வெளியே போய்த் தப்பினார். இவர்கள் உள்ளே இருந்து மாட்டிக்கொண்டார்கள். ஆக, உறுப்பினராவது என்பது சலுகைகளுக்கு முன்பாக ஒரு சம்மதம்: நான் தவறினால் என்னை நீங்கள் விசாரிக்கலாம் என்னும் சம்மதம். சங்கத்தில் சேராத ஆலோசகரிடம் இல்லாத ஒரே பொருள் இதுதான்.

கவர்

வெளியேற்றம் எப்போதோ ஒருமுறை நடப்பது. விதிகளின் அன்றாடப் பயன் இன்னும் சிறிய இடங்களில் இருக்கிறது. சென்னையில் ஓர் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் சொன்னதை இங்கே எழுதலாம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

ஒரு நகைக்கடைத் திறப்பு விழாவுக்கான பிரஸ் மீட். முந்தைய நாள் மாலை மேலாளர் மீடியா லிஸ்ட்டைக் கையில் கொடுத்து, "ஒவ்வொரு ப்ரஸ் கிட்டுக்குள்ளயும் ஒரு கவர் வெச்சிடும்மா. கவரேஜ் வரணும்ல" என்றார். கவருக்குள் என்ன என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பெண் விவரம் தெரியாதவர் இல்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அலுவலகத்தில் கேட்க யாருமில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

தற்செயலாக அதே வாரம் ஒரு சங்கக் கிளையின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தவர், அங்கே அறிமுகமான மூத்த பெண்மணியை அழைத்துக் கேட்டார். "மேடம், முடியாதுன்னு சொன்னா வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு." அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. "நீ 'எனக்குப் பிடிக்கலை'ன்னு சொல்லாதம்மா. 'நாம ஒத்துக்கிட்ட விதியில இது கூடாதுன்னு இருக்கு, நாளைக்கு வெளியே தெரிஞ்சா கிளையன்ட் பேருதான் கெடும்'னு சொல்லு. பேச்சு உன் மேல இருந்து விதி மேல போயிடும்" என்றாராம்.

மேலாளர் மனம் மாறினாரா என்றால், இல்லை. கவர்களை வேறொருவர் வைத்தார். ஆனால் அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு அந்த வேலைக்கு அழைக்கவில்லை. வெற்றி என்று சொல்வதற்கில்லை. ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. செய்தி ஊடகத்தின் நேர்மையைக் கெடுக்கும் எதையும் உறுப்பினர் செய்யக் கூடாது என்று பன்னாட்டுச் சங்கம் 1960களிலேயே எழுதிவைத்தது. அந்த வரி யாரையும் சிறைக்கு அனுப்பாது. மூன்று மாத அனுபவம் உள்ள ஒருவர் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் 'முடியாது' என்று சொல்ல நேரும்போது, சாய்ந்துகொள்ள ஒரு சுவராக நிற்கும்.

அந்தச் சுவர் இருப்பது அவருக்குத் தெரிந்ததற்குக் காரணம் விதிப் புத்தகம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தொலைபேசியில் அழைக்க ஒரு மூத்தவர் இருந்தார். அவர் அந்தக் கிளையில் பல ஆண்டுகளாகச் சம்பளமில்லாமல் ஏதோ ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்.

அரைகுறைப் பழக்கத்தின் பலம்

சங்கத்தில் சேர்வோர் பலர் எதிர்பார்ப்பது அறிமுகங்களை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆய்வுகளும் அவர்கள் பக்கம்தான். மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், பாஸ்டன் அருகே அண்மையில் வேலை மாறியவர்களை விசாரித்திருந்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் 16.7 விழுக்காடு மட்டுமே. எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6, அரிதாகவே சந்திப்பவர்கள் 27.8 விழுக்காடு. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும்; புதுச் செய்தி கொண்டுவருபவர் அரைகுறையாகப் பழகியவர். மாதம் ஒருமுறை பார்த்துத் தலையசைக்கும் உறவுகளை ஒரு கூரையின்கீழ் சேர்த்துவைப்பதில் சங்கத்துக்கு நிகரில்லை. வங்கியில் வேலை பார்க்கும் மக்கள் தொடர்பாளரும் மருத்துவமனை மக்கள் தொடர்பாளரும் சந்திக்க வேறு எந்தக் காரணமும் கிடையாது.

எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. பொருளியலாளர் மன்கர் ஓல்சன் 1965இல் காட்டிய சிக்கல் அது: பலருக்கும் பொதுவாகக் கிடைக்கும் நன்மைக்காகத் தனி ஆள் உழைக்க மாட்டார். தொழிலின் பெயர் உயர்ந்தால் சந்தா கட்டாதவருக்கும் லாபம்தானே? ஆகவே சங்கங்கள் உறுப்பினருக்கு மட்டும் கிடைக்கும் பண்டங்களைத் தேடிப்போகின்றன: கட்டணச் சலுகை, விருது விழா, சான்றிதழ். இவை ஆட்களைச் சேர்க்கும். அதே வேகத்தில் சங்கத்தை ஒரு கடையாகவும் மாற்றிவிடும். விருதுக்கு நுழைவுக் கட்டணம் வாங்கும் சங்கம், கட்டணம் செலுத்தும் பெரிய ஏஜென்சி மீது புகார் வந்தால் என்ன செய்யும் என்று கேட்டுப் பார்க்கலாம். பலகை நீளும், தீர்ப்பு வராது.

ஏப்ரல் 21

இந்தியாவில் இந்த வரலாறு 1958இல் தொடங்குகிறது. இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் அந்த ஆண்டு முறைசாராத குழுவாகக் கூடியது. 1966இல் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு பதிவு பெற்றது. முதல் தலைவர் காளி எச். மோடி. 1968 ஏப்ரல் 21 அன்று புது தில்லியில் நடந்த முதல் அகில இந்திய மாநாடு, பன்னாட்டுச் சங்கத்தின் ஏதென்ஸ் விதிகளைத் தன் விதிகளாக ஏற்றுக்கொண்டது. பிரெஞ்சுக்காரரான லூசியன் மாத்ரா வரைந்த அந்த விதிகள் 1965இல் ஏற்கப்பட்டவை, ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை அடித்தளமாகக் கொண்டவை. சங்கத்தின் சென்னைக் கிளை, மும்பை, தில்லி, கல்கத்தா கிளைகளோடு சேர்ந்து முதல் வரிசையில் தொடங்கிய ஒன்று. 1986 முதல் ஏப்ரல் 21 தேசிய மக்கள் தொடர்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. தனிநபர்களுக்கு இந்தச் சங்கம் என்றால், ஆலோசனை நிறுவனங்களுக்கு 2001இல் தனிச் சங்கம் ஒன்று அமைந்தது.

அதே 1958இல் சென்னையில் இன்னொரு தொடக்கமும் நிகழ்ந்தது. எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்துக்காகப் பத்திரிகைகளுக்குப் படங்களும் செய்திகளும் கொண்டுசேர்த்த புகைப்படக்காரர் ஆனந்தன், தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. ஆனார்; 'ஃபிலிம் நியூஸ்' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் பி.ஆர்.ஓ. என்ற மூன்றெழுத்துச் சாதாரண மக்களுக்குத் தெரிவது இரண்டு வழியில்: படத்தின் பெயர்ப் பட்டியலில் வரும் கடைசிப் பெயர்களில் ஒன்றாக, அல்லது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலராக. திரையுலகத்தார் தங்களுக்கென்று யூனியன் வைத்துக்கொண்டார்கள். அரசு அலுவலருக்குப் பணி விதிகள் இருக்கின்றன. இருவருக்கும் நடுவில் கம்பெனிகளிலும் ஏஜென்சிகளிலும் மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வேலை செய்யும் பெருங்கூட்டத்துக்குத்தான் எந்த வேலியும் கிடையாது. தொழில்முறைச் சங்கம் அதிகம் தேவைப்படுவதும் இவர்களுக்குத்தான், அது இருப்பதே தெரியாமல் இருப்பவர்களும் இவர்களில்தான் அதிகம்.

நாற்காலி போடுகிறவர்கள்

எந்தச் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்குப் போனாலும் காட்சி ஒன்றுதான். ஏதோ ஓர் ஓட்டலின் சிறிய அரங்கம், ஆறரை மணிக்கு அறிவித்து ஏழேகாலுக்குத் தொடங்கும் பேச்சு, பின்வரிசையில் சாய்ந்துகொண்டு போன் பார்ப்பவர்கள், காபியும் சமோசாவும் வந்ததும் பாதி காலியாகும் அரங்கம். எல்லாரும் போனபின் பேனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு நிற்கும் நான்கைந்து பேர் ஒவ்வொரு மாதமும் அதே நான்கைந்து பேர். சங்கம் என்பது நடைமுறையில் அவர்கள்தான். நூறு பேர் உறுப்பினர் பட்டியலில் இருக்கலாம். விதியை நினைவில் வைத்திருப்பவர்களும் புதியவர் அழைத்தால் போனை எடுப்பவர்களும் அந்த நான்கைந்து பேருக்குள் இருப்பார்கள்.

ஈடுபட நினைப்பவர் நுழைய வேண்டிய வாசலும் அதுவே. தலைவர் பதவிக்குப் போட்டியிட வேண்டியதில்லை. அடுத்த மாதப் பேச்சாளரை அழைத்துவரும் பொறுப்பைக் கேட்டு வாங்கலாம். கிளையின் செய்தி மடலைத் தொகுக்கலாம். பக்கத்துக் கல்லூரியில் இதழியல் படிக்கும் மாணவர்களை நான்கு பேராவது கூட்டத்துக்கு அழைத்து வரலாம். அமெரிக்கக் கழகம் 1960களின் பிற்பகுதியிலேயே மாணவர்களுக்குத் தனி அமைப்பு தொடங்கியதன் பலனை இன்றும் அறுவடை செய்கிறது. கொஞ்சம் துணிந்தவர்கள் ஒழுக்கக் குழுவில் இடம் கேட்கலாம். பெரும்பாலான கிளைகளில் அந்தக் குழு பெயரளவுக்கே இருக்கும், கேட்பவருக்கு உடனே கிடைக்கும். அங்கே போய்ப் பெரிய விசாரணை எதுவும் நடத்த வேண்டாம். கடந்த ஆண்டு உறுப்பினர்கள் சந்தித்த இக்கட்டுகளில் மூன்றைப் பெயர் சொல்லாமல் எடுத்துவைத்து ஒரு மாலை பேசினால் போதும்: கவர், பணம் கொடுத்து எழுதவைத்த விமர்சனம், கிளையன்ட் மறைக்கச் சொன்ன விபத்து. விதி உயிரோடு இருப்பது அப்படிப் பேசப்படும்போதுதான்.

இந்த உழைப்புக்குக் கூலி இல்லை. பெரும்பாலும் நன்றியும் இல்லை. ஓல்சன் கணக்குப்படி அறிவுள்ள எவரும் செய்யக் கூடாத வேலை. ஆனாலும், பெல் பாட்டிங்கர் வழக்கை விசாரிக்க உட்கார்ந்தவர்களும் இப்படிச் சொந்த நேரத்தைக் கொடுத்த சக தொழில்காரர்களே.

பெரும்பாலான சங்கங்களின் உறுப்பினர் விண்ணப்பத்தில் பெயர், வயது, பதவி, அலுவலக முகவரி, சந்தா செலுத்திய விவரம் எல்லாம் நிரப்பியபின், கடைசியில் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி இருக்கும். சங்கத்தின் ஒழுக்க விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்பது அதன் பொருள். படிவத்தில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், பலரும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். நூறு விசிட்டிங் கார்டிலும் எங்கும் இல்லாத வரி அது.